பெரியத்தை சொல்லாமல் விட்ட ஆகவே

சித்தி கல்யாணமாகி எங்கள் லயத்துக்கு வந்த அன்றைக்கே பெரியத்தைக்கு அவர்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தவர் பெரியத்தைதான். சேலை அடுக்கிய பெட்டி இப்படிக் கனக்காது என்று அந்த இடத்திலேயே அம்மாவின் காதில் சொல்லியிருக்கிறார். திறந்தபோது பாதிக்குமேல் புத்தகங்கள் இருந்தன. உயர்தரம் படித்த பெண் என்று தெரிந்துதான் திம்புள்ளப் பக்கம் போய்ப் பெண் கேட்டார்கள். ஆனால் படித்து முடித்தவள் எதற்காகப் புத்தகத்தையும் கூடவே கொண்டுவருகிறாள் என்பது பெரியத்தையின் கேள்வி. அதற்கு அவர் யாரிடமும் பதில் எதிர்பார்க்கவில்லை. கேட்டு வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

எங்கள் லயம் கந்தப்பளைக்கு மேலே, தேயிலை மலையின் இடுப்பில் இருந்தது. ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி வீடுகள். ஒன்றில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. சுவருக்கு அடுத்த பக்கம் அப்பாவின் அக்கா. அவரைத்தான் பெரியத்தை என்று கூப்பிடுவேன். புருஷன் செத்துப்போன பின் தனியாக இருந்தார். இடைச்சுவர் கூரைவரை எட்டாது. எங்கள் பக்கம் யாராவது தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து ஏன் என்று கேட்பார். பெரியத்தை எங்கள் வீட்டில் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது.

சித்தப்பா நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டினார். பின்னேரம் புறப்பட்டால் மறுநாள்தான் அவர் முகத்தைப் பார்க்கலாம். அதனால் புதுப்பெண்ணைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு பெரியத்தை கைக்குப் போனது. கவனிப்பது என்ற சொல்லை அவர் அதன் முழு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்.

சித்தி படித்த பாடங்களில் ஒன்று அளவையியல், தர்க்கம் என்பார்களே அது. பல்கலைக்கழகம் போகும் அளவுக்குப் புள்ளி கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பாடம் அவர் நாக்கை விட்டுப் போகவும் இல்லை. அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டே, எல்லாப் பூனைகளும் பறக்கும், எங்கள் லயத்தில் ஒரு பூனை இருக்கிறது, ஆகவே எங்கள் பூனையும் பறக்கும் என்று பாட்டுப் போலச் சொல்வார். கேட்டுக்கொண்டிருந்த நான் சிரிப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோகும்.

எனக்கு அப்போது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை வரவிருந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் வந்திருக்கிறாரே என்று அம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆனால் சித்தியிடமிருந்து நான் பொறுக்கியெடுத்தது பரீட்சைக்கு உதவுகிற விஷயமாக இல்லை.

ஒருநாள் கோயிலைத் துப்புரவாக்கும் சிரமதானத்துக்குப் போயிருந்த அம்மாவும் சித்தியும் திரும்பி வந்தபோது சீனிப் போத்தல் குறைந்திருந்தது. அம்மா போத்தலைத் தூக்கிப் பார்த்தார். காலையில் போத்தல் நிறைய இருந்தது, அதன்பிறகு வீட்டில் இருந்தவள் நான் ஒருத்தி மட்டும்தான், அப்படியென்றால் நான்தான் தின்றிருக்கிறேன் என்றார். நான் சித்தியைப் பார்த்தேன். எப்படியாவது காப்பாற்றுவார் என்று நம்பினேன். சித்தி கொஞ்சம் யோசித்தார்.

"அக்கா, இது சரியான வாதம்" என்றார். "காரணம் ரெண்டு இருக்கு. முடிவும் அதுலயிருந்துதான் வருது."

அன்று வாங்கிய அடியில் ஈர்க்குக் குச்சி இரண்டாக ஒடிந்தது.

மறுநாள் பெரியத்தை சுவருக்கு மேலே குரல் அனுப்பினார். அவர் வீட்டுச் சீனியும் குறைந்திருக்கிறதாம். இந்தப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இருப்பதுதான் நேற்றே தெரிந்துவிட்டதே என்றார். நான் அவர் வீட்டுச் சீனியைத் தொடவில்லை. ஆனால் அதை யார் நம்புவார்கள் என்று பேசாமல் இருந்தேன். சித்திதான் பேசினார்.

"அண்ணி, பழக்கம் இருக்குன்னா அவ ஏன் எடுத்தான்னு சொல்லலாம். எடுத்தாளா இல்லையான்னு அத வச்சு எப்பிடிச் சொல்றது?"

பெரியத்தையை அப்படி யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அப்பாகூடக் கேட்டதில்லை.

அன்று பின்னேரம் கொடியில் துணி எடுக்கும்போது அது என்ன வித்தியாசம் என்று நான் கேட்டேன். சித்தி ஈரமாக இருந்த என் சட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"‘சட்ட நனைஞ்சிருக்கு, ஏன்னா மழை பேஞ்சுச்சு.’ இதுல சட்ட நனைஞ்சது நமக்கு முன்னாடியே தெரியும். ஏன் நனைஞ்சுதுன்னு மட்டும் சொல்றோம். இது வெறும் விளக்கம். ‘மழை பேஞ்சிருக்கு, ஏன்னா சட்ட நனைஞ்சிருக்கு.’ இதுல மழைய நாம பாக்கல. பேஞ்சுதுன்னு நம்ப வைக்கப் பாக்குறோம். இதுதான் வாதம்."

"மழை பேயாம மூடுபனியிலயும் நனையுமே" என்றேன்.

"அப்ப அந்த வாதம் நொண்டி" என்று சித்தி சிரித்தார்.

அதன்பிறகு எனக்கு அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. யார் என்ன சொன்னாலும் உள்ளுக்குள் வகை பிரித்தேன். எந்திரிடி என்று அம்மா சொல்வது கட்டளை. இந்த மழை எப்போது விடும் என்று அப்பா கேட்பது கேள்வி. அடுத்த மாதமாவது சம்பளம் கூட வேண்டும் என்று கோயிலில் எல்லோரும் சொல்வது வேண்டுதல். பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணி வாயிலிருந்து காலையில் வருவது எல்லாமே கட்டளை. ஒருநாள் முழுக்கக் கேட்டாலும் வாதம் என்று ஒன்றோ இரண்டோதான் தேறும். பள்ளிக்கூடத்தில் சேர் ஏதோ சொன்னபோது, அது வாதம் இல்லையே சேர் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, முழங்காலில் நின்றேன். ஏன் என்று கேட்டதற்கு, சொன்னால் செய் என்றார். அதுவும் கட்டளைதான்.

சித்தியிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. மேல் ரோட்டைத் தாண்டினால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே துருத்திக்கொண்டு ஒரு பாறை நிற்கும். அதில் ஏறினால்தான் போனில் கோடு விழும். சித்தப்பா லொறிக்குப் புறப்பட்டுப் போன பின்னேரங்களில், அடுப்பு வேலை முடிந்ததும், சித்தி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பேசிட்டு வாறேன் என்று கிளம்புவார். யாரோடு என்று சொல்லமாட்டார். முதலில் நாங்கள், தாய் வீட்டோடு என்று நினைத்தோம். ஆனால் விறகு சுமந்து வந்த ஒரு பெண், பாறையில் உங்கள் வீட்டு மருமகள் சிங்களத்தில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று பெரியத்தையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெரியத்தை அன்றைக்கே எங்கள் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், வந்து உட்கார்ந்தார். சித்தி பாறையில் இருந்தார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி இல்லாத நாள்லதான் போறா" என்றார் பெரியத்தை. "போன அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வைக்கிறா. தாய் வீட்டுல சிங்களம் பேசுறவங்க யாரும் இல்ல."

அதோடு நிறுத்திக்கொண்டார். புருவத்தை மட்டும் உயர்த்தினார். நான் அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"அதனால என்ன அத்தை?" என்று கேட்டேன்.

உனக்கு என்னத்துக்கு இந்தப் பேச்சு, போய்ப் படி என்றார்கள் இரண்டு பேரும்.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. அம்மா நல்லவர். சித்திமேல் பிரியம் உள்ளவர். அவர் சித்திக்காகப் பரிந்து பேசத் தொடங்கினார். பாவம், புருஷன் ராத்திரி முழுக்க லொறியில் கிடக்கிறான், வயசுப் பிள்ளை, தனியாகக் கிடந்தால் மனசு அப்படித்தான் அலையும் என்றார். லயத்தில் சித்தியோடு சினேகமான இன்னொரு பெண், படித்த பிள்ளைகளுக்கு இந்த லயத்து வாழ்க்கை ஒத்துவருமா என்றார். ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். எல்லாமே இரக்கமான காரணங்கள். ஆனால் சட்டை நனைந்ததை யாரும் பார்க்கவில்லை. அது ஏன் நனைந்தது என்று மட்டும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதைச் சொல்லி நான் என்னை உயர்த்திக்கொள்ளப் பார்க்கவில்லை. நானும் சந்தேகப்பட்டேன். சித்தி இல்லாத நேரத்தில் அரிசி டின்னுக்குள் கைவிட்டு அந்தப் போனை எடுத்துப் பார்த்தேன். பனிக்காலத்தில் ஈரம் பட்டுச் செத்துப்போகாமல் இருக்க அரிசிக்குள் வைத்தால் நல்லது என்று முன்பு சித்தியே சொல்லியிருக்கிறார். இப்போது அந்த அரிசி வேறு மாதிரித் தெரிந்தது. சித்தி என்னைப் பார்த்துச் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசித்தேன். சிரிக்காவிட்டாலும் ஏன் என்று யோசித்தேன். பெரியத்தை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் என்ன பார்க்க வந்திருக்கிறார் என்று அவரையும் பார்த்தேன். ஒரே கூரையின் கீழ் எல்லோரும் எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு ரொட்டி தின்றோம்.

கடைசியில் பெரியத்தை என்னைப் பிடித்தார். பெரிய ஆள்கள் பாறைப் பக்கம் போனால் இடுப்புக்கு மேலே தெரிந்துவிடும். தேயிலைச் செடிக்குள் மறைகிற உயரம் எனக்குத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சிங்களமும் படிக்கிறேன். கேட்டதைக் கேட்டபடி வந்து சொன்னால் போதும் என்றார். பால் டொபி ஒன்றும் கையில் வைத்தார். டொபிக்காகப் போனேன் என்று சொல்ல முடியாது. எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

செடிகளுக்குள் குந்தியிருந்தேன். ஈரம் முதுகில் ஏறியது. சித்தி பாறையில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். காற்று அடிக்கும்போது பேச்சு என் பக்கம் வந்தது, நின்றபோது போனது. வந்தவரையில் நான் கேட்டவை இவைதான், எல்லாம் தமிழில்.

"நான் நாளைக்கு வருவேன்."

"நீங்கள் வரும்வரை காத்திருப்பேன்."

"பயப்பட வேண்டாம். நான் யாரிடமும் சொல்லமாட்டேன்."

ஒவ்வொன்றுக்கும் பிறகு சித்தி கொஞ்சம் நிறுத்தினார். பிறகு சிங்களத்தில், "ஆயெத் கியன்ன" என்றார். அதற்கு, திரும்பவும் சொல்லுங்கள் என்று அர்த்தம். அந்தப் பக்கத்துக் குரல் எனக்குக் கேட்கவில்லை. ஒருமுறை சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கேட்டதைக் கேட்டபடி வந்து சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. பெரியத்தை நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அம்மா வாசலைப் பார்த்தார்.

சித்தி வழக்கம்போலப் பேசவில்லை, புத்தகத்தில் இருக்கிற மாதிரிப் பேசினார் என்பதையும் சொன்னேன். எங்கள் லயத்தில் யாரும் காத்திருப்பேன் என்று சொல்லமாட்டார்கள். திம்புள்ளவிலும் சொல்லமாட்டார்கள். எனக்கு அதுதான் விசித்திரமாகப் பட்டது. பெரியத்தைக்கு அதில் விசித்திரம் ஒன்றும் இல்லை.

"அந்த மாதிரி ஆளுக அப்பிடித்தான் பேசுவாக. படத்துல பாக்குறதில்லையா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டில் இருந்தார். பெரியத்தை காலையிலேயே வந்துவிட்டார். அப்பா ரேடியோவை நிறுத்தினார். சித்தியை இஸ்தோப்புக்குக் கூப்பிட்டார்கள். பெரியத்தை ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் சொன்னார். பாறை, சிங்களம், அரிசி டின், நான் கேட்டுவந்த வசனங்கள். யார் ஒளிந்திருந்து கேட்டது என்று சொல்லவில்லை, ஆனால் சித்தி ஒருமுறை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

பெரியத்தை முடித்தார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்திதான் பேசினார்.

"அண்ணி, நீங்க சொன்ன எல்லாமே நடந்ததுதான். ஒண்ணையும் நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அதனால என்னன்னு நீங்க இன்னும் சொல்லலையே. அந்த ஒரு வசனத்த வாய்விட்டுச் சொல்லுங்க. அதுக்கு நான் பதில் சொல்றேன்."

பெரியத்தை வாயைத் திறந்தார். மூடினார். அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து போய்க் கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கினார், அது கொதிக்கக்கூட இல்லை. இத்தனை நாளாகச் சுவருக்கு மேலே போய் வந்துகொண்டிருந்த அந்தப் பேச்சின் கடைசி வசனத்தைச் சொல்வதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு ஆளும் இல்லை. சொல்லியிருந்தால் சித்தி மறுத்திருக்கலாம். சொல்லாத ஒன்றை எப்படி மறுப்பது?

சித்தப்பாதான் கடைசியில், "யார்கூடப் பேசுற?" என்று கேட்டார்.

"சொல்றதில்லைன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேங்க. தப்பா ஒண்ணும் இல்ல."

சித்தப்பா உரத்துப் பேசுகிறவர் இல்லை. நாளைக்கு உங்கள் வீட்டுக்குப் போவோம், கொஞ்ச நாள் அங்கே இரு என்றார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை. சித்தி உள்ளே போய்ப் பெட்டியை இழுத்தார்.

மறுநாள் எனக்குப் பள்ளிக்கூடம் போக மனமில்லை. வயிற்றுவலி என்றேன், அம்மா நம்பினார், அல்லது நம்பியது போல இருந்தார். சித்தி புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். எனக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் கொடுக்கவில்லை. என் தலையை வாரிப் பின்னிவிட்டார், அதுவும் மிக இறுக்கமாக. சித்தப்பா பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். சித்தி பின்னால் போனார். லயத்துப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் பேச்சை நிறுத்திவிட்டு வேறு எதையோ பார்த்தார்கள்.

அதே நேரத்தில்தான் மிட்வைப் மிஸ் மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்க அந்த வருடம் புதிதாக வந்த சிங்களப் பெண். வெலிமடைப் பக்கத்து ஆள். தமிழில் வாங்க, இருங்க தவிர ஒன்றும் தெரியாது. மாதத்தில் சில நாட்கள், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில் கிளினிக் வைப்பார். அவர் கையைக் காலைக் காட்டிப் பேசுவதைப் பார்த்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அன்றைக்கு எங்கள் வரிசையின் கோடி வீட்டில், முதல் பிரசவத்துக்குப் பயந்துகொண்டிருந்த ஒரு அக்காவைப் பார்க்க வந்திருந்தார். நான் படியில் உட்கார்ந்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸின் குரல் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிற குரல்.

"பயப்பட வேண்டாம். நான் நாளைக்கு வருவேன். நீங்கள் வரும்வரை காத்திருப்பேன்."

எழுந்து கோடி வீட்டுக்குப் போய்க் கதவோரம் நின்று பார்த்தேன். சந்தேகமே இல்லை, அதே வசனங்கள். ஆனால் எனக்கு அந்த நாட்களில் எதிலும் சந்தேகம் இருந்தது, அதனால் இன்னும் கொஞ்சம் நின்றேன். கோடி வீட்டு அக்கா கூச்சத்தோடு ஏதோ சொல்ல, மிஸ் அவர் கையைத் தட்டிக் கொடுத்து, "நான் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்றார்.

ஓடினேன். குறுக்குப் பாதையில் சறுக்கி விழுந்து, பாவாடையில் சேறு அப்பிக்கொண்டு, பஸ் ரோட்டில் அவர்களைப் பிடித்தேன். பஸ் இன்னும் வரவில்லை. சித்தப்பா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். சித்தி தள்ளி நின்றார். எனக்கு மூச்சு வாங்கியது. எடுத்த எடுப்பில் முடிவைத்தான் சொன்னேன்.

"சித்தி மிஸ்ஸுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்குறாங்க."

சித்தப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெதுவாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். நான் பாறையில் கேட்ட அதே வசனங்களை மிஸ் இப்போது சொல்கிறார். புத்தகத் தமிழில் சொல்கிறார். போன கிளினிக் வரைக்கும் மிஸ்ஸுக்குத் தமிழ் வராது. சித்தி ஒவ்வொரு வசனத்துக்கும் திரும்பச் சொல்லுங்கள் என்றது காதலுக்கு இல்லை, பாடத்துக்கு. ஆகவே. அந்த ஆகவேயைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் முழு வாதம் அது. பாதி மூக்குச்சளியோடு வெளியே வந்தது.

சித்தப்பா சித்தியைத் திரும்பிப் பார்த்தார். "புள்ள சொல்றது சரியா?"

"புள்ள சொன்னது நல்ல வாதம்ங்க" என்றார் சித்தி. "நான் ஒண்ணும் சொல்லல. அத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க."

பஸ் வந்து நின்றது. சித்தப்பா கண்டக்டரிடம் கையை ஆட்டிப் போகச் சொன்னார். பெட்டியைத் திரும்பவும் தோளில் தூக்கினார். அப்போதுதான், இது என்ன இந்தக் கனம் என்றார். சித்தி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு அன்றைக்கே மிஸ்ஸே எங்கள் இஸ்தோப்புக்கு வந்து, வெட்கத்தில் முகம் சிவந்து, சித்தப்பாவிடம் சிங்களத்தில் எல்லாம் சொன்னார். வேலைக்காகத் தமிழ்ப் பரீட்சை ஒன்றில் தேறவேண்டியிருந்ததாம். தான் தமிழ் பேசினால் பெண்கள் சிரிக்கிறார்கள், படித்து முடிக்கும்வரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று தான்தான் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். கிளினிக்கில் ஒருநாள் சித்தி தனக்கும் மற்றப் பெண்களுக்கும் நடுவில் நின்று பேச்சைக் கடத்திக் கொடுத்ததில்தான் பழக்கமாம். வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய பின்தான் மிஸ்ஸுக்கு நேரம் கிடைக்கும், அதனால்தான் பின்னேரப் பேச்சு.

பெரியத்தை தன் வீட்டுச் சீனியைப் போட்டு மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். சித்தியிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. இது வேறு என்னவோ விஷயம் என்று தனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்தது என்று மட்டும் சொன்னார். அதுவும் ஒரு வகையில் உண்மைதான்.

அதன்பிறகு சித்தி பாறையில் என்ன பேசினாலும் வீட்டில் யாரும் கேட்கவில்லை. பாடம் என்று எல்லோருக்கும் தெரியும். விறகு சுமந்து போகிறவர்கள்கூட நின்று பார்ப்பதில்லை. நான் இப்போது ஒளியாமல் கூடப் போனேன். சித்திக்குப் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்து, கீழே மரக்கறித் தோட்டங்களை மூடுபனி மூடுவதைப் பார்த்துக்கொண்டு, மிஸ் படும் பாட்டைக் கேட்பேன். அந்தப் போன் சத்தமாகக் கத்தும், பக்கத்தில் இருந்தால் எல்லாம் கேட்கும். தலை சுற்றுகிறதா? தலை சுற்றுகிறதா. எத்தனை மாதம்? எத்தனை மாதம். மிஸ்ஸுக்கு ழகரம் வரவே வராது. குலந்தை என்பார். குழந்தை என்பார் சித்தி. திரும்பவும் குலந்தை. வீட்டுக்கு வரும் வழியில் நான் மிஸ்ஸைப் போலப் பேசிக் காட்டுவேன், சித்தி சிரித்துக்கொண்டே என் முதுகில் ஒன்று வைப்பார்.

பனி நன்றாக இறங்கத் தொடங்கியிருந்த ஒரு பின்னேரம் அப்படித்தான் பாடம் நடந்துகொண்டிருந்தது. சித்தி அன்று அதிகம் திருத்தவில்லை. மிஸ் பிழையாகச் சொன்னதையும் சரி என்று விட்டார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பாடம் முடிந்தது என்று நினைத்து நான் எழுந்தேன். அப்போது சித்தி, மற்ற வசனங்களைச் சொன்ன அதே புத்தகத் தமிழில், அதே நிதானத்தில் சொன்னார்.

"இந்த முறையும் குழந்தை தங்கவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது."

நான் மிஸ்ஸின் குரலுக்காகக் காத்திருந்தேன். குழந்தை என்ற சொல் இருக்கிறதே, எப்படிச் சொல்கிறார் பார்ப்போம் என்று இருந்தது. மிஸ் திருப்பிச் சொல்லவில்லை. சித்தியும் ஆயெத் கியன்ன என்று கேட்கவில்லை. பிறகு மிஸ் மிகவும் தாழ்ந்த குரலில் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்கு அதில் நங்கி என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. தங்கச்சி என்று அர்த்தம். சித்தி ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது சித்தி பாதையைப் பார்த்தபடியே நடந்தார். அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். மிஸ்ஸைப் போல வாயைக் கோணி, "இந்த முறையும் குலந்தை தங்கவில்லை" என்றேன். நன்றாக வந்தது. அதுவரை நான் செய்து காட்டியதிலேயே அதுதான் நன்றாக வந்தது.

சித்தி நின்றுவிட்டார். பக்கத்துத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வசனத்த மட்டும் வீட்டுல சொல்லிக்காட்டாத" என்றார்.

"ஏன் சித்தி, பிழையா?"

"பிழை ஒண்ணும் இல்ல."

வேறு காரணம் சொல்லவில்லை. காரணம் இல்லாததால் அது வாதம் இல்லை, வெறும் கட்டளை என்று மனதுக்குள் சரியாக வகை பிரித்துக்கொண்டு தலையாட்டினேன். பாதை வழுக்கும் என்று சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லிட்டுப் போயிருந்தது. இவ்வளவு நேரம் பனியில் உட்கார்ந்திருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.